ஓவியக்கூடத்தில் சிறுவர்

இலண்டன் மாநகரின் நடுவே டிராபால்கர் சதுக்கம் என்னும் பெருவெளி ஒன்று உண்டு. அதன் வடபுறத்தில், உயர்ந்த தூண்கள் முகப்பில் அணிவகுக்க, நீண்டு கிடக்கும் மாளிகையே பிரித்தானியரின் தேசிய ஓவியக்கூடம். பள்ளி நடைபெறும் நாள்களில் முற்பகலில் அங்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். எட்டு வயதும் ஒன்பது வயதும் நிரம்பிய சிறுவர் சிறுமியர், இருவர் இருவராய்க் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைவர். முன்னால் ஆசிரியர் ஒருவர், பின்னால் ஒருவர். இத்தாலியர் தீட்டியவை, ஆலந்து நாட்டார் தீட்டியவை, பிரெஞ்சுக்காரர் தீட்டியவை என அறைதோறும் தொங்கும் ஓவியங்களை எல்லாம் திரும்பியும் பாராமல் கடந்து சென்று, ஏதோ ஓர் ஓவியத்தின் முன்னே போய்த் தரையில் அமர்ந்துவிடுவர். அரைமணி நேரம் ஆனாலும் அங்கிருந்து எழமாட்டார்கள்.

அந்தக் கூடத்தில் 2,300-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்றால், விருந்துக்குப் போனவன் ஒரு கவளம் உண்டு கைகழுவியதைப் போல் அன்றோ தோன்றும்? கூட்டம் கூட்டமாக வந்து, ஓர் ஓவியத்திற்கு ஒரு நொடி வீதம் கண்ணை ஓட்டிக்கொண்டு, வெளியேறும் வாயிலை நோக்கி விரைகின்ற பெரியோர்க்கு இச்சிறுவரைக் கண்டால் வியப்பாகவே இருக்கும். ஆயினும், இப்படி ஒன்றன்முன் அமர்ந்து பார்க்கும் வழக்கம் ஒரே நாளில் வந்ததன்று. சிறுவர் அந்த மாளிகைக்குள் வரலாமா, வரலாகாதா என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது.

ஐரோப்பாவின் பெரிய ஓவியக்கூடங்கள் பல, அரசர்கள் தொகுத்து வைத்த செல்வத்திலிருந்து பிறந்தவை. இலண்டன் கூடத்தின் பிறப்பு வேறு வகையானது. ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்னும் வணிகர் ஒருவர் தம் வீட்டில் சிறந்த ஓவியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின், அவற்றுள் 38 ஓவியங்களை 57,000 பவுன் விலைக்குப் பாராளுமன்றத்தின் இசைவுடன் அரசாங்கம் வாங்கியது. பால் மால் என்னும் தெருவிலிருந்த அவருடைய வீட்டிலேயே 1824-ஆம் ஆண்டு மே மாதம் அவை மக்கள் காணத் திறந்து வைக்கப்பட்டன. வீடு சிறியது, கூட்டமோ பெரியது. எனவே புதிய மாளிகை கட்டப்பட்டு 1838-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதற்கு டிராபால்கர் சதுக்கத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் கூறுவர். நகரின் மேற்கே செல்வர்கள் வாழ்ந்தனர். கிழக்கே ஏழை மக்கள் வாழ்ந்தனர். இருவர்க்கும் நடுவே இருப்பது அவ்விடம். செல்வர் வண்டியேறி வரலாம். ஏழையர் நடந்தே வரலாம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்றதும் எல்லோரும் வந்தனர். மழைக்கு ஒதுங்க வந்தோரும் உண்டு. கைக்குழந்தைகளோடு வந்த செவிலியரும் உண்டு. 1850-ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவொன்று இதைப்பற்றி விசாரணை நடத்தியபோது, கூடத்தின் காப்பாளராயிருந்த தாமஸ் யுவின்ஸ் என்பவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். நாட்டுப்புறத்தார் சிலர் கூடையில் உணவு கொண்டுவந்து, நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓவியங்களுக்கு நடுவே அமர்ந்து உண்டனராம். இஃது இங்குத் தகாது என்று அவர் எடுத்துரைத்தபோது அவர்கள் சினங்கொள்ளவில்லை. அவர்களுள் ஒரு பெண்மணி, அவருக்கும் ஒரு கிண்ணம் மதுவை ஊற்றி நீட்டினாளாம்! யுவின்ஸ் இதனை ஒரு குறையாகவே கூறினார். ஆனால், அந்த எளிய மக்கள் அம்மாளிகையைத் தம் வீட்டு முற்றமாகவே கருதினர் என்பதும் அக்குறையினூடே விளங்குகிறது.

அக்காலத்து இலண்டன், கரிப்புகை சூழ்ந்த நகரம். புகையும், கூட்டத்தின் மூச்சும், உடையின் தூசியும் ஓவியங்களைக் கறுக்கச் செய்தன. ஆகவே, நகரத்திற்கு வெளியே தூய காற்றுள்ள கென்சிங்டனுக்குக் கூடத்தை மாற்றிவிடலாம் என்று அறிஞர் பலர் கூறினர். 1857-ஆம் ஆண்டில் இதனை ஆராய ஒரு குழு அமர்ந்தது. அதில் நீதிபதி கோல்ரிட்ஜ் என்பவர் கூறிய கருத்துக் குறிப்பிடத்தக்கது. ஓவியங்களைக் கெடாமல் வைத்திருப்பது ஒரு வழியே அன்றி முடிவு அன்று. மக்களுக்கு உயர்ந்த இன்பத்தை அளிப்பதே முடிவு என்பது அவர் கருத்து. ஓவியக்கூடம் இடம் பெயரவில்லை. இன்று கிழக்கு இலண்டனின் பள்ளிச் சிறுவர் பேருந்து ஏறிச் சிறிது நேரத்தில் அங்கு வந்து சேர முடிகின்றதெனின், அன்றைய முடிவும் அதற்கு ஒரு காரணம்.

வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? வாயிலுக்கு வர இயலாதவர்களின் நிலை என்ன? இவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாக எடுத்துக்கொண்டவர் ஒருவர், இலண்டனில் அல்லர், மான்செஸ்டர் நகரத்தில் இருந்தார். அவர் பெயர் தாமஸ் கோக்லன் ஹார்ஸ்பால். மான்செஸ்டர், பஞ்சாலைகளின் நகரம். அதன் ஆன்கோட்ஸ் என்னும் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்தனர். மரமும் செடியும் அங்கு அரியவை. காட்டு மலரையும் பாடும் பறவையையும் கண்ணாற் காணாமலே அப்பகுதிக் குழந்தைகள் வளர்ந்தனர். ஹார்ஸ்பால், ஜான் ரஸ்கின் என்னும் கலையறிஞரோடு கடிதத்தொடர்பு கொண்டவர். 1886-ஆம் ஆண்டில் ஆன்கோட்ஸ் மாளிகை என்னும் பழைய வீட்டில் ஒரு கலைக்காட்சிச்சாலையை அவர் அமைத்தார். விலையுயர்ந்த மூல ஓவியங்களை வாங்குவது அவர் நோக்கமன்று. நல்ல படிகளையும் அச்சுப்படங்களையும் தேர்ந்து மாட்டினார். ஒவ்வொன்றின் அருகிலும், எளிய மக்களுக்கு விளங்கும் சொற்களில் விளக்கம் எழுதி வைத்தார். பள்ளிகளுக்குப் படங்களை இரவலாகவும் அனுப்பினார்.

ஆனால், பள்ளிகள் சிறுவரைக் காட்சிச்சாலைக்கு அழைத்துவர ஒரு தடை இருந்தது. அத்தடை கலையைப் பற்றியதன்று. வருகைப் பதிவேட்டைப் பற்றியது! அந்நாளில் தொடக்கப்பள்ளிக்கு அரசு அளித்த பொருளுதவி, மாணவர் வருகையைப் பொறுத்திருந்தது. பள்ளி நேரத்தில் சிறுவரை வெளியே அழைத்துச் சென்றால், அவர்கள் வராதவர்களாகவே கருதப்படுவர். பள்ளிக்கு வரும் பணமும் குறையும். எந்தத் தலைமையாசிரியர் துணிவார்? ஹார்ஸ்பாலும் அவரைச் சார்ந்தோரும் இதனை எடுத்துக்காட்டி வற்புறுத்தினர். 1895-ஆம் ஆண்டில் கல்வி விதிகள் திருத்தப்பெற்றன. காட்சிச்சாலைக்கும் ஓவியக்கூடத்திற்கும் ஆசிரியருடன் செல்லும் நேரம் பள்ளி நேரமாகவே கணக்கிடப்படும் என்றாயிற்று. பெரிய சொற்பொழிவுகளால் ஆகாதது, பதிவேட்டின் ஒரு விதியைத் திருத்தியதால் ஆயிற்று. கல்வித்துறையில் உயர்ந்த எண்ணங்கள் பலவும் இத்தகைய சிறிய விதிகளின் வாயிலில்தான் காத்துக் கிடக்கின்றன.

இனி, மீண்டும் இலண்டனுக்கு வருவோம். ஓர் ஓவியத்தின் முன் அமர்ந்து பார்க்கும் வழக்கம் பள்ளிகளுக்கு உரியதாவதற்கு முன், போர்க்காலம் அதனை அந்நகர மக்கள் அனைவர்க்கும் கற்பித்தது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னரே, தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் பெட்டிகளில் அடுக்கப்பட்டுத் தொலைவிலுள்ள வேல்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டன. அங்கும் குண்டு விழும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிடலாமா என்று எண்ணினர். தலைமை அமைச்சர் சர்ச்சில் இசையவில்லை. குகைகளில் மறைத்து வையுங்கள், ஓர் ஓவியமும் இத்தீவை விட்டுப் போகக்கூடாது என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். அவ்வாறே வேல்ஸ் மலைப்பகுதியில், மேனாட் என்னுமிடத்துப் பலகைக்கல் சுரங்கத்தினுள்ளே செங்கற் கட்டடங்கள் எழுப்பப்பட்டு, 1941-ஆம் ஆண்டில் ஓவியங்கள் அங்குக் குடியேறின. மிகப் பெரிய ஓவியமும் உள்ளே செல்லும் அளவிற்குச் சுரங்கத்தின் வாயிலை வெடிவைத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

இலண்டனிலோ, மாளிகையின் சுவர்கள் வெறுமையாயின. பகைவர் விமானங்கள் வீசிய குண்டுகள் அக்கட்டடத்தின்மீதும் பலமுறை விழுந்தன. நாளும் இடிபாடுகளையே கண்டு சலித்த மக்களுக்கு, அழகியது ஒன்றைக் காணவேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. அதனை நாளிதழ்க்கு எழுதியும் வெளியிட்டனர். கூடத்தின் தலைவராயிருந்த கென்னத் கிளார்க் ஒரு வழி கண்டார். 1942-ஆம் ஆண்டில், சுரங்கத்திலிருந்து மாதத்திற்கு ஓர் ஓவியம் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் வந்தவற்றுள் ஒன்று இத்தாலிய ஓவியர் டிஷியன் தீட்டியது. பகலில் மக்கள் அதனைக் காண்பர். ஆபத்து நேரத்தில் அது பாதுகாப்பான அறைக்குக் கொண்டுசெல்லப்படும். முன்பு நூற்றுக்கணக்கான ஓவியங்கள் இருந்த மாளிகையில் இப்போது ஒன்றே ஒன்று. அதனைக் காண மக்கள் வரிசையில் நின்றனர். பல இருந்த காலத்தில் அவற்றினூடே நடந்து சென்றவர்கள், ஒன்றே இருந்த காலத்தில் அதன்முன் நின்று பார்த்தனர்.

போர் முடிந்தது, ஓவியங்கள் யாவும் திரும்பி வந்தன. அரை நூற்றாண்டுக்குப்பின், 1995-ஆம் ஆண்டில், அதே கூடம் தொடக்கப்பள்ளிகளுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்' என்பது அதன் பெயரின் பொருள். முறையும் பெயரைப் போலவே எளியது. கூடத்தின் ஓவியங்களிலிருந்து ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். முதலில் அழைக்கப்படுவோர் மாணவர் அல்லர், ஆசிரியர்களே. அவர்கள் ஒரு நாள் முழுதும் கூடத்தில் பயிற்சி பெறுவர். பின்னர் அவ்வோவியத்தின் அச்சுப்படி ஒன்றைப் பெற்றுத் தம் பள்ளிக்குத் திரும்புவர். அப்படி வகுப்பறைச் சுவரில் ஏறும். அதிலிருந்து என்ன பிறக்கவேண்டும் என்பதை மேலிருந்து எவரும் விதிப்பதில்லை. சிறுவரின் ஆர்வம் எப்பக்கம் இழுக்கின்றதோ அப்பக்கமே பாடம் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறு விளைந்தவற்றுள் தேர்ந்தவை, பின்னர் அதே தேசியக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்படும்.

ஆசிரியரை முதலில் அழைப்பதன் நுட்பம் எண்ணிப்பார்க்கத் தக்கது. இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியரே கணக்கும் மொழியும் வரலாறும் அறிவியலும் ஓவியமும் கற்பிப்பார். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் வந்தது, தேர்வுகளும் வந்தன. தேர்வு எழுதும் பாடங்கள் நாளின் பெரும்பகுதியை விழுங்கின. ஓவியத்துக்கு எஞ்சியது சிறு பகுதி. ஓவியம் பயின்றிராத ஆசிரியருக்கோ அதனைத் தொடவே அச்சம். "எனக்கு வரையத் தெரியாது, ஓவியர் வரலாறும் தெரியாது, சிறுவர் ஏதேனும் கேட்டால் என்ன விடை சொல்வேன்?" என்று அவர் தயங்குவார். அத்தயக்கம் இழிவானதன்று, தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் கற்பிக்க நாணும் நல்லாசிரியரின் தயக்கமே அது. ஆனால் அதன் பயன், ஓவியம் வகுப்புக்குள் வராமலே போவதுதான்.

ஓவியத்தின் முன் ஆசிரியரை நிறுத்தும்போது, ஓவியர் பெயரையும் ஆண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடாமல் இருப்பது இத்துறையில் தேர்ந்தோர் பலர் கையாளும் முறை. சிறிது நேரம் பேச்சின்றிப் பார்க்கச் சொல்வர். பின்னர், "என்ன காண்கிறீர்கள்?" என்பர். "எதைக்கொண்டு அவ்வாறு சொல்கிறீர்கள்?" என்று அடுத்துக் கேட்பர். இவ்விரண்டு வினாக்களும் மிக எளியவை. ஆயினும், இரண்டாவது வினாவுக்கு விடைகூற வேண்டுமானால் மீண்டும் ஓவியத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பட்டம் பெற்ற ஆசிரியரும் அங்கே சிறு மாணவராகிவிடுகிறார். தமக்கு விடை தெரியாத வினாவையும் வகுப்பில் எழுப்பலாம் என்னும் துணிவை அவர் அங்குதான் பெறுகிறார்.

எடுத்துக்காட்டாக, அக்கூடத்திற்குரிய ஓவியம் ஒன்றை நாமும் எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் தீட்டிய 'குடைகள்' என்பது அது. ஏறத்தாழ 6 அடி உயரமுள்ளது. பாரிசு நகரத்துத் தெருவொன்றில் மக்கள் நெருங்கி நிற்கின்றனர். ஓவியத்தின் மேற்பகுதி முழுவதும் குடைகள்; நீலமும் சாம்பல் நிறமும் கலந்த அவற்றின் வளைவுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. இடப்புறத்தில் இளம்பெண் ஒருத்தி கையில் கூடையுடன் நிற்கிறாள். அவள் தலையில் தொப்பி இல்லை. கையில் குடையும் இல்லை. அவளுக்குப் பின்னே நிற்கும் ஆடவன் தன் குடையை அவளுக்கு நீட்டப் போகிறான் போலும்! வலப்புறத்தில், நன்கு உடுத்த தாய் ஒருத்தியுடன் இரு சிறுமியர். அவர்களுள் ஒருத்தி கையில், கோலால் தட்டி உருட்டி விளையாடும் வளையம் இருக்கிறது.

இதன்முன் ஒரு வகுப்பை அமர்த்தினால் எத்தனை பாடங்கள் எழும்! குடைகளின் வளைவுகளையும், வளையத்தின் வட்டத்தையும், கூடையின் வாயையும் கண்டு கணக்கை நோக்கிச் செல்பவர் சிலர். குடைத்துணியில் நீர் ஏன் தங்குவதில்லை என்று அறிவியலை நோக்கிச் செல்பவர் சிலர். கூடை ஏந்திய பெண் யார், அவள் எங்கே போகிறாள், அவளுக்கு மட்டும் ஏன் குடை இல்லை என்று கேட்டு, கதை எழுதத் தொடங்குபவர் சிலர். இறுதியிற் கூறிய வினா எளியதன்று. தொப்பியும் குடையும் உடையவர் யார், இல்லாதவர் யார் என்று தேடினால், அந்நாளைய பாரிசில் உழைத்து வாழ்ந்தோர்க்கும் வசதி படைத்தோர்க்கும் இடையிலிருந்த வேறுபாடே அதில் வெளிப்படும். வரலாற்று நூலில் ஒரு பக்கம் படித்து மறந்துவிடக்கூடியதை, நனைந்துவிடுவாளோ என்று ஒரு பெண்ணுக்காக வருந்திய சிறுவன் மறக்கமாட்டான்.

இன்னும் கூர்ந்து பார்ப்பவர்க்கு ஒரு புதிர் காத்திருக்கிறது. ஓவியத்தின் வலப்பகுதி மென்மையாகத் தீட்டப்பட்டுள்ளது. தூரிகை இறகுபோல் தொட்டுச் சென்றிருக்கிறது. இடப்பகுதியிலோ கோடுகள் தெளிவும் உறுதியும் உடையவை. ஒருவர் கைவண்ணமா, இருவர் கைவண்ணமா என்று கேட்கத் தோன்றும். ஒருவரே தீட்டியதுதான், ஆனால் இரு வேறு காலங்களில். 1881-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ரெனுவார், இடையில் அதனை நிறுத்திவைத்து, 1885-ஆம் ஆண்டளவில் மீண்டும் எடுத்து முடித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் இத்தாலி சென்று பழைய ஓவியர்களின் படைப்புகளைக் கண்டு, தம் தீட்டும் முறையையே மாற்றிக்கொண்டிருந்தார். இதற்குச் சான்று உடைகளே. வலப்புறத்தார் அணிந்தவை முன்னைய ஆண்டுகளின் பாணி. இடப்புறத்துப் பெண்ணின் உடை பின்னைய ஆண்டுகளின் பாணி. ஓவியத்தை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, அப்பெண் முதலில் வேறு உடையில் தீட்டப்பட்டிருந்தாள் என்பதும் தெரியவந்தது. நீல வண்ணமும் இரு காலங்களிலும் ஒன்றன்று. முதலில் கோபால்ட்டு நீலம், பின்னர் ஆலையிற் செய்த அல்ட்ராமரீன் நீலம். "இந்தப் பக்கம் வேறுமாதிரி இருக்கிறதே" என்று ஒரு சிறுமி கூறுவாளாயின், ஆய்வுக்கூடத்து அறிஞர் கருவிகொண்டு உறுதிசெய்ததன் தொடக்கத்தை அவள் வெறுங்கண்ணால் எட்டிவிட்டாள் என்றே கொள்ளவேண்டும்.

இத்திட்டத்தைப்பற்றி ஐயுறுவோரும் உண்டு. ஓவியத்தை வைத்துக் கணக்கும் அறிவியலும் கற்பித்தால், ஓவியம் பிற பாடங்களுக்கு ஏவலாள் ஆகிவிடாதா என்பது அவர்கள் கேள்வி. இதில் உண்மை இல்லாமலில்லை. குடைகளை எண்ணச் சொல்லி, எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிவிடும் வகுப்பு, ஓவியத்தைப் பார்த்த வகுப்பு ஆகாது. எண்ணிவிட்டு மீண்டும் ஓவியத்தினிடம் வரவேண்டும். இத்தனை குடைகளை ஏன் இவ்வளவு நெருக்கமாக வைத்தார்? வானத்தையே காணமுடியாமல் ஏன் மூடினார்? இவ்வாறு திரும்பி வரும் வழியைக் காட்டுவது ஆசிரியரின் கடமை. அவ்வழியை அறியாத ஆசிரியரிடம் எவ்வளவு நல்ல அச்சுப்படியைக் கொடுத்தாலும், அது சுவரை அலங்கரிக்கும், அவ்வளவே.

மற்றொரு குறை, தொலைவு. இலண்டனிலிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர்ப்பள்ளிகளும் இத்திட்டத்தில் சேரலாம். ஆனால் அங்குள்ள சிறுவர் எல்லோரும் மூல ஓவியத்தைக் கண்ணாற் காண இயலுமா? கூடத்தில் கட்டணம் இல்லை. வண்டிக்குக் கட்டணம் உண்டு. அச்சுப்படி எவ்வளவு நன்றாயினும், 6 அடி உயரத்தில் தம்மைவிடப் பெரியவர்களாக நிற்கும் மனிதரை அது காட்டாது. வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெல்லியதாய்ப் பரவியிருக்கிறது என்பதையும் காட்டாது. ஒரு பருவம் முழுதும் படியையே பார்த்துப் பழகிய சிறுவர், மூலத்தின் முன் முதன்முறை வந்து நிற்கும்போது அடையும் வியப்பு ஒன்றுண்டு. அவ்வியப்புக்கு உரிமையுடையோர் எல்லோரும் அதனைப் பெறவில்லை. ஹார்ஸ்பாலின் காலத்தில் தடையாய் நின்றது பதிவேடு. இக்காலத்தில் பயணச் செலவு.

'குடைகள்' ஓவியத்திற்கோ, ஒரு நகரம் மட்டும் உரிமை கொண்டாடவில்லை. ஹ்யூ லேன் என்னும் ஐரிஷ் பெருமகனார் அதனை வாங்கி வைத்திருந்தார். டப்ளின் நகரில் 1908-ஆம் ஆண்டில் ஓர் ஓவியக்கூடத்தைத் தோற்றுவித்தவர் அவர். கட்டடம் பற்றி அந்நகராட்சியோடு மனவேறுபாடு கொண்டு, தம் ஓவியங்களுள் 39-ஐ இலண்டன் கூடத்துக்கு உரியவாக 1913-ஆம் ஆண்டில் விருப்பமுறி எழுதினார். பின்னர் மனம் மாறி, அவை டப்ளினுக்கே உரியவை என 1915-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இணைப்பு எழுதிக் கையொப்பமிட்டார். ஆனால் சாட்சிக் கையொப்பம் வாங்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில், அவர் ஏறிவந்த லூசிடானியா என்னும் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. லேன் மாண்டார். சாட்சியின்மையால் அவ்விணைப்பு சட்டப்படி செல்லாதாயிற்று. இரு நாடுகளும் நெடுங்காலம் வழக்கிட்டு, 1959-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்பின் புதுப்பிக்கப்பட்டு வந்த உடன்பாடுகளின்படி, அவ்வோவியம் சில ஆண்டு இலண்டனிலும் சில ஆண்டு டப்ளினிலுமாகக் கடல் கடந்து சென்று வருகிறது.

இந்த வரலாற்றைக் கூறி, "இவ்வோவியம் யாருக்கு உரியது?" என்று பத்து வயதினரிடம் கேட்டால் வகுப்பு இரு பிரிவாகிவிடும். எழுதியது எழுதியதே என்பர் சிலர். மனத்தில் நினைத்ததே பெரிது என்பர் சிலர். யாருடையதாயினும் இருக்கட்டும், எங்கள் ஊர்க்கு எப்போது வரும் என்று கேட்கும் சிறுவனும் ஒருவன் இருப்பான். அவனுக்கு விடைகூறுவது எளிதன்று.

அவ்வோவியத்தின் நடுவே ஒரு பெண் நிற்கிறாள். அவள் முகத்தை மேல்நோக்கி உயர்த்திக் குடையைக் கையாள்கிறாள். விரிக்கிறாளா, மடக்குகிறாளா? மழை இப்போதுதான் தொடங்குகிறதா, அல்லது விட்டுவிட்டதா? அறிந்தோரும் இவ்விரண்டில் ஒன்றைத் துணிந்து கூறுவதில்லை. சிறுவர் மட்டும் தரையில் அமர்ந்தபடியே, முழங்காலை ஊன்றி எழுந்து, அவள் விரல்களை உற்றுப்பார்த்துக்கொண்டிருப்பர்.